ஐஸ் பெட்டிக்குள் ஒரு சின்னப் போத்தல்

1

இந்தக் கதை முதலில் ஒரு துண்டுப்பிரசுரமாக இருந்தது. மறைத்து எழுதினால் நடுவில் எங்கேயாவது மாட்டிக்கொள்வேன். ஆகவே முதல் வரியிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கௌசலா எங்கள் பகுதியின் குடும்பநல மருத்துவமாது; ஊருக்கு அவர் 'மிஸ்ஸி'. புளியங்குளச் சந்தியிலிருந்து கிழக்கே காட்டுப்பக்கம் போகும் ஐந்து கிராமங்கள் அவருடைய பொறுப்பு. ஸ்கூட்டியில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே பாதி விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுவார். சென்ற ஆண்டு ஒருநாள் அப்படி வந்து நின்று, "அண்ணை, ஆம்பிளையளின்ர உடம்பைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. பொம்பிளையளுக்குக் குடுக்க என்னட்ட ஒரு கட்டுப் பேப்பர் கிடக்கு. இவையளுக்குக் குடுக்க ஒண்டும் இல்லை" என்றார்.

முப்பது வருடம் பத்திரிகையில் குப்பை கொட்டியவனுக்கு இரண்டு பக்கம் பெரிய வேலையில்லை. அன்றே எழுதினேன்:

"ஆணின் இனப்பெருக்கத் தொகுதி விதைப்பை, இரு விதைகள், விதைமேற்றிணிவு, அப்பாற்செலுத்தி, சுக்கிலப் புடகம், முன்னிற்கும் சுரப்பி, ஆண்குறி ஆகியவற்றைக் கொண்டது. இவற்றுள் விதைகளின் தொழில்—"

அந்தக் கோடு நான் போட்டதல்ல. கௌசலா வாசிப்பதை நிறுத்திய இடம் அது.

"இது ஓ.எல். விஞ்ஞானப் பேப்பர் அண்ணை. பரீட்சை எண்டா வாசிப்பாங்கள். ஆர் இவங்களுக்குப் பரீட்சை வைக்கிறது?"

தாளைத் திருப்பித் தந்தார். பிறகு, தந்ததற்குப் பரிகாரம் போல, ஒரு கதையைச் சொன்னார். ஆளின் பெயரைச் சொல்லவில்லை. எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. ஒருவர் தன்னுடைய விந்துப் பரிசோதனைக்கான சாம்பிளை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனார் என்பது மட்டுந்தான். கௌசலா போன பிறகு துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்: "யார்?"

2

யாரென்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது. நிருபராக இருந்தவனுக்கு இது வெட்கக்கேடு. அந்த ஆளிடம் நான் ஒவ்வொரு புதனும் ஞாயிறும் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன்.

கிருசாந்தனுக்கு முப்பத்துமூன்று வயது. விடியப்புறம் நாயாற்றில் கரைக்கு வரும் வள்ளங்களில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய ரெஜிபோம் (தெர்மகோல்) பெட்டிக்குள் ஐஸ் போட்டு அடுக்கி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என்று விற்றுக்கொண்டு வந்து, பத்து மணியளவில் எங்கள் படலையடியில் ஹோர்ன் அடிப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது, சும்மா கதைக்கு, "ஒரு கதை எழுதுறன் தம்பி. ஐஸ் பெட்டிக்குள்ள சாம்பிள் கொண்டுபோன ஒருத்தரைப் பற்றி" என்றேன்.

கத்தி நிற்கவில்லை. மீனை வெட்டி முடித்தார். கழுவினார். பையில் போட்டு முடிச்சுப் போட்டார்.

"ஆர் சொன்னது?"

"மிஸ்ஸி. பேர் சொல்லேல்லை."

"அது நான்தான் அண்ணை."

சில்லறை தேடுவதுபோல் சட்டைப்பையைத் துழாவினேன். அவரே தொடர்ந்தார்: "எழுதுங்கோ. எழுதினா நாலு பேர் வாசிக்கட்டும். ஆனா என்னை மொக்கன் எண்டு எழுதிப்போடாதேங்கோ. நான் செய்ததுக்கு ஒரு நியாயம் இருந்தது."

அந்த நியாயத்தைக் கண்டுபிடிப்பதுதான் கீழே வரும் பக்கங்களின் வேலை. (ஒரு சிறு குறிப்பு: மீன் வாங்கும்போது அவர், கதைக்குள் வந்ததும் அவன் ஆகிவிடுகிறார். எழுதுகிறவர்களிடம் உள்ள கெட்ட பழக்கம் இது. அனுமதி கேட்டேன். "மரியாதையைப் பெட்டிக்குள்ள வைச்சிட்டு எழுதுங்கோ" என்றார்.)

3

அது ஒரு வெள்ளிக்கிழமை. வானம்—

[வானம் வேண்டாம். வானத்துக்கும் இந்த விஷயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.]

கிருசாந்தன் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அதில்—

[இதுவும் வேண்டாம். தர்மிளா இதை வாசித்துவிட்டு, "என்ர முகத்தில ஒண்டும் இருக்கேல்லை, நான் அப்ப பல்லு மினுக்கிக்கொண்டு நிண்டனான்" என்று சொல்லிவிட்டாள்.]

சரி, நேராகச் சொல்கிறேன்.

கிருசாந்தனுக்கும் தர்மிளாவுக்கும் கல்யாணமாகி ஐந்து வருடம். பிள்ளை இல்லை. இந்த ஐந்து வருடத்தில் தர்மிளாவிடம் ஒரு ஃபைல் சேர்ந்திருந்தது. இரத்தப் பரிசோதனைகள், மூன்று ஸ்கான், இரண்டு வைத்தியர்களின் கையெழுத்து, ஒரு கோயில் பற்றுச்சீட்டு எல்லாம் அதற்குள் இருந்தன. ஒவ்வொரு தாளும் ஏறக்குறைய ஒரே செய்தியைச் சொன்னது: பெரிய பிழை ஒன்றும் தெரியவில்லை.

கிருசாந்தனிடம் ஃபைல் இல்லை. அவன் மறுத்தான் என்றில்லை. யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவனுடைய தாய் கேட்கவில்லை, தர்மிளாவின் தாய் கேட்கவில்லை, கோயில் ஐயர் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. "எனக்கென்ன, எல்லாம் ஒழுங்காத்தானே வேலை செய்யுது" என்பது அவனுடைய எண்ணம்.

* இந்த ஒரு வசனத்துக்காகத்தான் கௌசலா துண்டுப்பிரசுரம் கேட்டார் என்று நினைக்கிறேன். இதற்குள் இரண்டு வேலைகள் ஒன்றாகச் சிக்கியிருக்கின்றன. ஆண்குறிக்குள் எலும்பு இல்லை. பஞ்சு போன்ற இழையம் இருக்கிறது. அதற்குள் இரத்தம் வந்து நிறைந்து, திரும்பிப் போகாமல் நிற்கும்போது அது விறைக்கிறது. அது ஒரு வேலை. விதைகள் இரண்டும் விந்துக்களை உண்டாக்குகின்றன. அது வேறு வேலை. முதலாவது நன்றாக நடப்பதால் இரண்டாவதும் நடக்கிறது என்று ஆகாது. படலையடியில் ஹோர்ன் அடிக்கிறது என்பதற்காகப் பெட்டிக்குள் மீன் இருக்கிறது என்று அர்த்தமில்லை. (இந்த உவமை கிருசாந்தனுடையது. என்னுடையது இதைவிட நீளமாகவும் மோசமாகவும் இருந்தது.)

4

மூன்றாவது வைத்தியர்தான் கதையைத் திருப்பினார். அடுத்து, தொப்புளடியில் சிறிதாக வெட்டி, கமெரா விட்டு உள்ளே பார்க்கவேண்டும் என்று தர்மிளாவுக்குத் திகதி எழுதினார். எழுதிவிட்டு, பேனையை மூடாமல் கேட்டார்: "அவரின்ர ரிப்போட் எங்க?"

தர்மிளா ஃபைலைப் புரட்டினாள். இல்லாத ஒன்றைப் பத்து விநாடி தேடினாள்.

"முதல் அதைச் செய்விச்சுக் கொண்டு வாங்கோ. அதில பிழையெண்டா இது தேவையில்லாமலும் போகலாம்."

ஆகவே கௌசலாவின் அடுத்த கிளினிக்குக்குக் கிருசாந்தனும் வந்தான். முப்பது பெண்களுக்கு நடுவில் ஒரு ஆண். கௌசலா சுவரில் ஒரு படத்தைத் தொங்கவிட்டிருந்தார். அது எதனுடைய படம் என்று விளங்கிய கணத்திலிருந்து அவன் தன் செருப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விதை ரெண்டும் ஏன் உடம்புக்கு வெளியில தொங்குது? சொல்லுங்கோ பாப்பம்" என்றார் கௌசலா.

"கடவுள் வேலை முடிச்சாப்பிறகு மிஞ்சினதாக்கும்" என்றாள் பின்வரிசையிலிருந்த இராசமலர். நான்கு பிள்ளைகளின் தாய், அவளுக்குப் பயமில்லை.

சிரிப்பு அடங்கும்வரை கௌசலா காத்திருந்தார். "உள்ளுக்குச் சூடு கூட. விந்து உண்டாகிறதுக்கு உடம்புச் சூட்டைவிட ரெண்டு மூண்டு பாகை குறைவா இருக்கோணும். அதுக்குத்தான் வெளியில. குளிர் கூடினா விதைப்பை சுருங்கி உடம்போட ஒட்டிக்கொள்ளும். வெக்கை எண்டா இளகித் தொங்கும். தானாவே செய்யும், ஒருத்தரும் போய்ச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் செய்யவேண்டியது ஒண்டுதான். அதுக்குச் சூடு குடுக்காதேங்கோ. இறுக்கமான ஜீன்ஸ், வெயிலில காய்ஞ்ச சீற்று, இதெல்லாம் கூடாது."

செருப்பிலிருந்து கிருசாந்தனின் தலை நிமிர்ந்தது. விதைமேற்றிணிவு, சுக்கிலப் புடகம் எதுவும் அவனுக்குள் போகவில்லை. இது போனது. சூடு பட்டால் பழுதாகும். பதினைந்து வருடமாக அவன் வயிறு வளர்ப்பதே இந்த ஒரு உண்மையை வைத்துத்தான்.

மறுநாளே ஜீன்ஸ் கொடிக்குப் போனது. சாரம் இடுப்புக்கு வந்தது. மோட்டார் சைக்கிளை நிழல் தேடி நிறுத்தினான். சீற்றின் மேல் நனைத்த சாக்குத் துண்டொன்று வந்து சேர்ந்தது.

"சீற்றுக்கேன் ஈரச்சாக்கு?" என்று தர்மிளா கேட்டாள்.

"சூடு."

"சீற்றுக்கோ?"

"எனக்கு."

அவள் குசினிக்குள் போய்த்தான் சிரித்தாள்.

[உண்மையைச் சொல்வதானால், ஈரச்சாக்கு என் கற்பனை. நிறம் சேர்ப்பதற்காகப் போட்டேன். வரைவை வாசித்த கிருசாந்தன், "சாக்குப் போட்டது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான். அதற்குப் பிறகு நான் இந்தக் கதையில் கற்பனை செய்வதைக் குறைத்துக்கொண்டேன்.]

5

வவுனியா அரை மணித்தியாலம். ஆனால் அங்குள்ள ஆய்வுகூடங்களின் வாசலில் யாராவது தெரிந்தவர்கள் நிற்பார்கள்; நின்றால், "என்ன தம்பி இந்தப் பக்கம்?" என்பார்கள். ஆகவே கிளிநொச்சியில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தைத் தேடிப் பிடித்தான். ஏ-9 வீதியில் ஐம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. தொலைபேசியில் ஒரு பெண்பிள்ளை பேசினாள்.

"இஞ்ச வந்தும் எடுத்துத் தரலாம், அறை இருக்கு. வீட்டில எடுக்கிறதெண்டா ஒரு மணித்தியாலத்துக்குள்ள கொண்டு வரோணும். அதோட கொண்டு வரேக்க—"

"ஓம், ஓம், சரி தங்கச்சி" என்று அவன் தொடர்பை வெட்டினான். அந்தச் சொற்களை ஒரு பெண்பிள்ளையின் வாயால் இன்னும் அரை நிமிடம் கேட்க அவனால் முடியவில்லை. அவள் முடிக்காமல் விட்ட வசனம் இந்தக் கதையில் நான் விட்டவற்றையெல்லாம்விட முக்கியமானது.

வெள்ளிக்கிழமை வன்னியில் மீன் விற்காது. ஆனால் அவன் காலையில் ஐஸ் வாங்கப் போனான்.

"வெள்ளியில ஐஸ் என்னத்துக்கடா?" என்றார் ஐஸ் கடைச் செல்வராசா.

"சோடா குளிராக்க."

"எத்தினை போத்தல்?"

"ஒண்டு."

செல்வராசா அரைப் பாளம் வெட்டிக் கொடுத்தார். ஒரு போத்தல் சோடாவுக்கு அரைப் பாளம் ஐஸ் என்பது அவருக்கு இன்றைக்கும் விளங்கவில்லையாம்.

வீட்டில், நாயாற்று இறாலுக்குச் செய்வதுபோலவே செய்தான். இறால் சீக்கிரம் பழுதாகும் பண்டம். அதற்குத்தான் அதிக கவனம். கீழே ஒரு படை ஐஸ். நடுவில், சொப்பிங் பையில் சுற்றிய சின்னப் போத்தல். மேலே இன்னொரு படை ஐஸ். மூடியை அமத்தி, றப்பர் பட்டியால் கட்டி, ஏழு பத்துக்குப் புறப்பட்டான்.

[இந்த இடத்தில் ஒரு உவமை எழுதி வைத்திருந்தேன். ஏ-9 வீதியும் உடலின் குழாய்களும் என்று தொடங்கும். அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக, அந்தப் போத்தலுக்குள் இருந்தவை அதற்கு முன் வந்த பாதையைச் சொல்கிறேன். அதைவிட நல்ல உவமை என்னிடம் இல்லை.

விதைக்குள் நூல்போன்ற சிறு குழாய்கள் நூற்றுக்கணக்கில் சுருண்டு கிடக்கின்றன. விந்துக்கள் அங்கே உண்டாகின்றன, விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேலாக. நாம் நித்திரை கொள்ளும்போதும், மீன் வெட்டும்போதும், வரிசையில் நிற்கும்போதும். தலையும் வாலும் வந்துவிடும், நீந்தத் தெரியாது. விதையின் முதுகில் ஒட்டியிருக்கும் விதைமேற்றிணிவு என்பது உண்மையில் ஒரே குழாய், இழுத்து நீட்டினால் ஆறு மீற்றர் வரும். அதற்குள் ஒன்றிரண்டு கிழமை ஊர்ந்து போகும்போதுதான் அவை நீந்தும் வல்லமை பெறுகின்றன. பிறகு அப்பாற்செலுத்தி. பெயர் பயமுறுத்தினாலும் ஒரு குழாய்தான். மேலே ஏறி வயிற்றுக்குள் போய், சிறுநீர்ப்பையின் பின்பக்கம் இறங்குகிறது. அங்கே சுக்கிலப் புடகம் வெல்லம் கலந்த திரவத்தைச் சேர்க்கிறது. முன்னிற்கும் சுரப்பி தன் பங்கைச் சேர்க்கிறது. கடைசியில், சிறுநீர் போகும் அதே வழியால் வெளியே. அந்த நேரத்தில் சிறுநீர்ப்பையின் வாசல் இறுக மூடிக்கொள்ளும், இரண்டும் கலக்காது. வெளியே வருவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதில் நூறில் சில பங்குதான் விந்துக்கள். மிச்சமெல்லாம் வழிச்சாப்பாடு.]

முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகிற வாகனம் குறைவு. கிருசாந்தன் பிறந்ததற்கு ஒருநாளும் நிற்காமல் போனதில்லை. அன்று கைத்தொலைபேசியில் நேரம் ஏழு ஐம்பது. ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்து, "வரேக்க நிக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். கற்பூரத்தோடு நின்ற ஒரு பஸ் முழுவதும் அவனைத் திரும்பிப் பார்த்தது.

எட்டு மூன்றுக்கு ஆய்வுகூட வாசல். ஐம்பத்துமூன்று நிமிடம். ஈரப் போத்தலைக் கொடுப்பது வடிவில்லை என்று லேஞ்சியால் துடைத்து, கடதாசிப் பைக்குள் போட்டு நீட்டினான். மேசையிலிருந்தவள் பையின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, மறுபக்கம் பார்த்துக்கொண்டே, தட்டில் வைத்தாள். இரண்டு பேரில் ஒருவருக்காவது வெட்கம் குறைவாக இருந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும்.

6

ரிப்போட் ஆங்கிலத்தில் இருந்தது. கிருசாந்தனுக்கு எண்கள் விளங்கும். பல வரிகளில் பல எண்கள். ஒரு வரியில் மட்டும் பூச்சியம்.

அந்த வரியைக் கைத்தொலைபேசியில் தட்டிப் பார்த்தான். அசைவு: நூற்றுக்குப் பூச்சியம். ஒன்றுகூட நீந்தவில்லை.

திரும்பும்போது முறிகண்டியில் இறங்கி அரை மணித்தியாலம் நின்றான். தேங்காய் உடைத்தான். பிள்ளையார் இதற்காகவா கோபித்துக்கொள்வார் என்று ஒரு மனம் கேட்டது; கோபித்திருந்தால் நல்லது, சமாதானம் செய்யலாம் என்று மற்ற மனம் சொன்னது.

வீட்டில், "ரிப்போட் பிந்துமாம்" என்றான்.

தர்மிளாவின் கமெராவுக்கு அடுத்த புதன்கிழமை திகதி. தனக்கு எல்லாம் சரி என்று சொல்லிவிட்டால், அவள் போய்ப் படுப்பாள். இல்லாத பிழையைத் தேடி அவளுடைய வயிற்றை வெட்டுவார்கள். உண்மையைச் சொன்னால், வெட்டு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு தான் என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. சனி மீன் விற்றான். ஞாயிறு மீன் விற்றான். எனக்கு அன்று அவன் கால் கிலோ கூடுதலாகத் தந்தது இப்போது ஞாபகம் வருகிறது. ஆளுக்கு என்ன யோசனையோ என்று நினைத்துக்கொண்டு நானும் பேசாமல் வாங்கினேன்.

அவன் எப்படிச் சொன்னான் என்பதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் கிருசாந்தன் அழுதான். நன்றாகவே அழுதான், ஒரு பக்கம் முழுக்க. கிழித்தேன். இரண்டாவதில் கௌசலா வந்து எல்லாவற்றையும் விளக்கினார். அது துண்டுப்பிரசுரமாகவே திரும்பிவிட்டது. மூன்றாவது நடந்தது. திங்கள் மத்தியானம், தர்மிளா வேலைக்குப் போயிருந்தபோது, அலுமாரியிலிருந்த அவளுடைய ஃபைலை எடுத்து, ஐந்து வருடத் தாள்களுக்கு மேல் தன்னுடைய ஒரே தாளை வைத்து மூடினான்.

7

தர்மிளாவின் வேலையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விவசாயிகள் சங்கமொன்றின் விதைநெல் களஞ்சியத்தில் முளைதிறன் பார்ப்பவள். ஒவ்வொரு மூட்டைத் தொகுதியிலிருந்தும் நூறு நெல் எண்ணி எடுத்து, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி வைப்பாள். ஒரு கிழமையால் விரித்து எத்தனை முளைத்தது என்று எண்ணுவாள். எண்பத்தைந்துக்கு மேலென்றால் விதைக்கலாம். வருடத்துக்குச் சில நூறு தடவை இதைச் செய்கிறாள். [விதை என்ற சொல்லை வைத்து இங்கே ஒரு விளையாட்டு விளையாடலாம். விளையாடவில்லை.]

திங்கள் பின்னேரம் ஃபைலைத் திறந்தாள்.

"இஞ்சேருங்கோ. இது ஆற்ற?"

"என்ர."

"எப்ப வந்தது?"

"வெள்ளி."

"நாலு நாளா வைச்சுக்கொண்டே எனக்குப் பிந்துமாம் எண்டு சொன்னனீங்கள்?"

"நீர் புதன்கிழமை போகத் தேவையில்லை" என்றான் கிருசாந்தன். வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பிழை என்னில. உம்மில ஒண்டுமில்லை."

அவள் கதிரையை இழுத்துப்போட்டு, ரிப்போட்டை வெளிச்சத்துக்குப் பிடித்து, மேலிருந்து கீழாக வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"எண்ணிக்கை நல்லாக் கிடக்கு. ஒரு மில்லிலீற்றருக்கு ஆறு கோடியாம்."

"ஆறு கோடியும் செத்துப்போச்சுது."

"அதைத்தான் பாக்கிறன். நூறு நெல்லுப் போட்டா அறுபது முளைக்கும், நாப்பது முளைக்கும். கெட்ட நெல்லெண்டாலும் பத்து முளைக்கும். நூறும் முளைக்காட்டி நாங்கள் நெல்லைக் குறை சொல்லுறேல்லை. கொண்டு வந்தவரைக் கூப்பிட்டுக் கேப்பம். போன போகம் ஒருத்தர் தார் றோட்டில உச்சி வெயிலுக்கு மூண்டு நாள் காயவிட்டு, தகரக் கொட்டிலுக்குள்ள அடைஞ்சு வைச்சுக் கொண்டு வந்தவர். ஒண்டுகூட முளைக்கேல்லை." தாளைத் தாழ்த்தினாள். "நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை."

"எப்பிடிக் கொண்டு போனனீங்கள்?"

"வடிவாத்தான் கொண்டு போனனான். சூடே படவிடேல்லை. கீழயும் மேலயும் ஐஸ் போட்டு—"

"ஐஸோ?"

"இறாலுக்குப் போடுற மாதிரி."

தர்மிளா ரிப்போட்டை மேசையில் வைத்தாள். சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்பதும், அவனுடைய முகத்தைப் பார்ப்பதும், திரும்பத் தொடங்குவதுமாக இருந்தது. அவனுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சந்தேகம் வந்தது. பிறகு, நான்கு நாளுக்குப் பின், பசி வந்தது.

"மிஸ்ஸிதானே சூடு ஆகாதெண்டு சொன்னவா" என்றான்.

"அது உண்டாகிற இடத்தில. ஐஸில ஆரும் உயிரோட மீன் வைக்கிறவையோ? செத்ததைத்தான் பழுதாகாமல் வைக்கிறது. இது உயிரோட போய்ச் சேரவேண்டியதல்லோ."

கிருசாந்தன் பதினைந்து வருடமாக ஐஸ் பிடித்த கைகளைப் பார்த்தான்.

உடனே கௌசலாவுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவர், சிரிப்பை அடக்கிய குரலில், "தம்பி, வெளியில வந்தா அதுக்கு உடம்புச் சூடுதான் வேணும். சேட்டுக்கு உள்பக்கம் வைச்சுக் கொண்டு போனாப் போதும். கொண்டு போக முதல் ஒரு சொல்லு என்னட்டக் கேட்டிருக்கலாமே" என்றார்.

"உங்களிட்டக் கேக்க வெக்கமா இருந்தது மிஸ்ஸி."

"இப்ப?"

"இப்ப அதெல்லாம் போச்சுது."

[கௌசலாவின் பதிப்பில் ஐஸைக் கண்டுபிடித்தவர் கௌசலாதான். கிருசாந்தனையும் தர்மிளாவையும் தனித்தனியாகக் கேட்டேன்; இருவரும் தர்மிளா என்றார்கள். இரண்டுக்கு ஒன்று, இருவர் சொன்னதையே எழுதியிருக்கிறேன்.]

புதன்கிழமைத் திகதியைத் தர்மிளா பின்போட்டாள். இவருடைய சரியான ரிப்போட் வரட்டும், அதற்குப் பிறகு பார்ப்போம் என்று வைத்தியருக்கும் சொன்னாள்.

8

இரண்டாவது முறை இருவரும் போனார்கள். கிருசாந்தன் ஓட்டினான். போத்தல் தர்மிளாவின் கைக்குள், கை அவளுடைய கம்பளிச் சட்டைக்குள். ரெஜிபோம் பெட்டி வீட்டில் நின்றது. முறிகண்டி வந்தபோது அவன் வேகத்தைக் குறைத்தான்.

"நிப்பாட்டாதேங்கோ. பிள்ளையாருக்கு விளங்கும்."

"போனமுறையும் நான் அப்பிடித்தான் நினைச்சனான்."

"போனமுறை அவருக்கும் குளிர்ந்திருக்கும். ஓடுங்கோ."

இம்முறை தர்மிளா மேசையோடு விடவில்லை. பரிசோதிப்பவரைப் பார்க்கவேண்டும் என்றாள். நிரோஜன் என்ற இளைஞன் வெள்ளைக் கோட்டோடு வந்தான். ஐஸ் கதையை அவள் சொல்ல, அவன் முகத்தை மிகவும் சிரமப்பட்டு நேராக வைத்துக்கொண்டான்.

"அந்த ரிப்போட்டைக் கிழிச்சு எறியுங்கோ அக்கா. இண்டைக்குப் பாத்துச் சொல்லுறன். நூறில நாப்பது அசைஞ்சாலே எங்களுக்குப் போதும்."

"நாப்பதோ? நாங்கள் நாப்பது முளைச்ச நெல்லைத் திருப்பி அனுப்புவம்."

"இதில நாப்பது எண்டா பாஸ். இன்னொண்டு. இண்டைக்கு வாறது இண்டைய நிலைமைதான். ஒரு விந்து உண்டாகி முடிய எழுபது நாளுக்கு மேல செல்லும். அண்ணை இப்ப சாரம் கட்டுறார், சாக்குப் போடுறார் எண்டுறீங்கள். அதின்ர பலன் இண்டைக்குத் தெரியாது. குறைஞ்சிருந்தாலும் மூண்டு மாசத்தால திரும்பப் பாக்கோணும். சரியா வந்தா, அக்காவின்ர டொக்டர் அடுத்ததைச் சொல்லுவார்."

"மூண்டு மாச நெல்லு மாதிரி" என்றாள் தர்மிளா.

"அதைவிடக் கொஞ்சம் சுறுக்கு" என்றான் நிரோஜன்.

ஒரு மணித்தியாலத்தால் வரச் சொன்னான். இருவரும் வெளியே வாங்கில் உட்கார்ந்தார்கள். தர்மிளா பனிஸ் வாங்கிவந்தாள். பாதியைப் பிய்த்து அவனுக்குக் கொடுத்தாள்.

9

இதுவரை எழுதியதைக் கிருசாந்தனுக்கு வாசித்துக் காட்டினேன். மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று கேட்டான்.

"மொக்கன் எண்டு எழுதேல்லைத்தானே?"

"இல்லை."

"வாசிக்கிற ஆக்கள் அப்பிடி நினைப்பினமோ?"

"சில பேர் நினைப்பினம். ஆனா அவையளும் சாம்பிளை எதில கொண்டு போறதெண்டு இப்பதான் படிச்சிருப்பினம்."

அது அவனுக்குத் திருப்தி. முடிவுகளை வாசித்தேன். மூன்று வைத்திருந்தேன். ஒன்றில் நாற்பதுக்கு மேல். தர்மிளா துணிவோடு கமெராவுக்குப் போகிறாள், அவன் வெளியே காத்திருக்கிறான். இன்னொன்றில் நாற்பதுக்குக் கீழ். அவன் மருந்து எடுக்கிறான், அவள் நாள் எண்ணுகிறாள். மூன்றாவதில் நான்கு வருடத்துக்குப் பிறகு மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் ஒரு பிள்ளை உட்கார்ந்து ஹோர்ன் அடிக்கிறது.

"கடைசியைத் தர்மிளாவுக்குக் காட்டாதேங்கோ" என்றான். "காட்டினா அவா அந்தத் தாளை வாங்கி ஃபைலுக்குள்ள வைச்சிடுவா."

"எது நடந்தது எண்டாவது சொல்லும் தம்பி. எழுதிறதில்லை. எனக்கு மட்டும்."

கிருசாந்தன் ரெஜிபோம் பெட்டியின் மூடியை அமத்தினான். இரண்டு சூடை மீனை எடுத்து என்னுடைய பையில் போட்டான், விலை சொல்லவில்லை.

"ரிப்போட் எங்கட அண்ணை. கதை உங்கட."

முப்பது வருடம் செய்திகளின் பின்னால் ஓடியவனுக்கு இப்படி வாயை அடைத்தவர்கள் குறைவு. கௌசலாவுக்குத் தெரியும், கேட்டால் ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்கிறார். ஆகவே எனக்குத் தெரிந்த கடைசி இடத்தை எழுதி நிறுத்துகிறேன். உள்ளேயிருந்து நிரோஜன், "கிருசாந்தன்" என்று கூப்பிட்டான். வாங்கிலிருந்து இருவரும் எழும்பினார்கள். அவன் அவளைப் பார்த்தான். "நீங்கள்தான் போகோணும்" என்றாள் அவள். "அஞ்சு வருசம் நான் போயிட்டன்."

அவன் உள்ளே போனான். அவனுடைய கைக்கு வந்த தாளில் இந்த வரி இருந்தது:

அசைவு, நூற்றுக்கு: ______

எண்ணை நீங்கள் எழுதுங்கள். நாற்பதுக்கு மேலும் எழுதலாம், கீழும் எழுதலாம். அவர்கள் இருவரும் அன்று சேர்ந்துதான் வீடு திரும்பினார்கள். பேனை மட்டும் வேண்டாம். பென்சிலால் எழுதுங்கள். எழுபது நாள் கழித்து அதை அழித்துவிட்டு வேறொன்று எழுத வேண்டி வரலாம்.